அத்தியாயம் 7: மும்முனை வந்த பிறகு விழிக்கும் சாதனங்கள்

மதுரையிலிருந்து மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் வயல் நடுவே ஒரு பம்புசெட் ரூம் கண்ணில் படும். பெரியாறு–வைகைத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத ஆண்டுகளில் பயிரைக் காப்பாற்றுவது அந்தக் கிணறுகள்தான். இந்த அத்தியாயத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் கருவி அப்படிப்பட்ட ஓர் அறையின் சுவரில் மாட்டப்படுவது. லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு, அதற்கு ஒரு பேட்டரி, கூரைமேல் ஒரு சோலார் பேனல். இந்தப் பாதி எந்நேரமும் விழித்திருக்கும். மறுபாதி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிறது: மூன்று முனைகளின் வோல்டேஜையும் கரண்டையும் அளக்கும் ஒரு சிப், டெலிவரி பைப்பில் ஒரு ஃப்ளோ மீட்டர். இவற்றுக்கு மின்சாரம் மோட்டார் லைனிலிருந்துதான் கிடைக்கிறது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் பஸ்ஸைப் பொறுத்தவரை இவை இல்லவே இல்லை.

போர்டு இரவு ஒரு மணிக்கு ரீபூட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் டிவைஸ் ட்ரீயைப் படிக்கிறது. அளவைச் சிப் ஐ2சி பஸ்ஸில் இன்ன முகவரியில் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. டிரைவரின் ப்ரோப் கூப்பிடப்படுகிறது. ப்ரோப் சிப்பின் அடையாள ரெஜிஸ்டரைப் படிக்கப் பார்க்கிறது, பதில் வரவில்லை, ‘சாதனம் இல்லை’ என்று பிழை திருப்பிவிட்டு முடிந்துபோகிறது. மும்முனை விடியற்காலை ஐந்து மணிக்கு வருகிறது. சிப் விழிக்கிறது, தன் முகவரியில் தயாராக நிற்கிறது. அதை மறுபடி கேட்க யாரும் இல்லை. தோட்டக்காரர் ஏழு மணிக்கு போன் செய்கிறார்: “கரண்டு வந்து ரெண்டு மணி நேரமாச்சு தம்பி, ஒங்க பொட்டி இன்னும் முழிக்கலையே!”

இதற்கு வழக்கமாகப் போடப்படும் ஒட்டு இரண்டு. ஒன்று, பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வது. இன்னொன்று, ப்ரோப்புக்குள் முப்பது விநாடி தூக்கம் வைப்பது. முதலாவது தோட்டக்காரரை உங்கள் டிரைவரின் ஒரு பகுதியாக ஆக்கிவிடுகிறது. இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் மேசைமேல் சோதிக்கும்போது அது வேலை செய்வதுபோலவே தெரியும். நான்கு மணி நேரம் கழித்து வரும் சாதனத்துக்கு எத்தனை விநாடி தூக்கம் வைத்தாலும் போதாது. அந்தத் தூக்கம் பூட் ஆகும் நேரத்தையும் இழுத்தடிக்கும்.

லினக்ஸ் டிரைவர் மாடல் இந்தச் சிக்கலின் ஒரு பாதியை எப்போதோ தீர்த்துவிட்டது. 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு வந்த அந்த அமைப்பில், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சாதனங்களின் பட்டியல் ஒன்று, டிரைவர்களின் பட்டியல் ஒன்று. எது முதலில் வந்தாலும் சரி, இரண்டாவது வந்ததும் பொருத்தம் பார்க்கப்படும். ஆகவே சாதனம் பட்டியலில் ஏறுவது தாமதமானால் கவலை இல்லை. நம் பம்புசெட் பெட்டியில் நடப்பது வேறு. சாதனம் பட்டியலில் நேரத்துக்கு ஏறிவிட்டது, ஆள் மட்டும் வரவில்லை. பெயர் பதிவாகியிருப்பது ஒரு செய்தி, சாதனம் பஸ்ஸில் இருப்பது வேறொரு செய்தி. டிரைவர் இவ்விரண்டையும் ஒரே மாறியில் வைத்தால் பிறகு வரும் குழப்பம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும்.

டிஃபர் எதற்கு, எதற்கு இல்லை

‘ப்ரோப்பை ஒத்திப்போடு’ என்று ஒரு பிழை எண் இருக்கிறதே, அதைத் திருப்பினால் கெர்னல் மறுபடி கூப்பிடுமே என்று இந்த இடத்தில் பலர் கேட்பார்கள். இருக்கிறது. எண் 517. கிராண்ட் லைக்லி எழுதி, 2012இல் லினக்ஸ் 3.4இல் சேர்ந்தது. ஆனால் அது எப்போது மறுபடி கூப்பிடும் என்பதைப் பார்க்க வேண்டும். ஒத்திப்போடப்பட்ட சாதனங்கள் ஒரு காத்திருப்புப் பட்டியலில் நிற்கும். கெர்னலில் வேறு ஏதாவது ஒரு சாதனம் தன் டிரைவரோடு வெற்றிகரமாகச் சேர்ந்ததும், அந்தப் பட்டியல் முழுவதும் ஒரு ஒர்க்கியூ வழியாக மறுபடி முயலப்படும். அதாவது ‘எனக்கு வேண்டிய ரெகுலேட்டர் டிரைவர் இன்னும் ஏறவில்லை’, ‘என் கிளாக் இன்னும் பதிவாகவில்லை’ போன்ற சார்புச் சிக்கல்களுக்காக அமைந்தது அது. மென்பொருளுக்காக மென்பொருள் காத்திருக்கும் ஏற்பாடு.

நம் பெட்டியில் இரவு ஒரு மணிக்கு பூட் முடிந்தபின் புதிதாக எந்த டிரைவரும் சேரப்போவதில்லை. ஐந்து மணிக்கு மும்முனை வருவது கெர்னலின் கண்ணில் ஒரு நிகழ்வே அல்ல. ஆகவே 517ஐத் திருப்பினால் அந்தச் சாதனம் பட்டியலிலேயே கிடக்கும். யாராவது ஒரு யூஎஸ்பி பென்டிரைவைச் செருகினால், அந்தச் சேர்க்கையின் பக்கவிளைவாக நம் சிப்பும் விழித்துக்கொள்ளும்! ‘பென்டிரைவ் செருகினால் சரியாகிறது’ என்று உங்களுக்குப் புகார் வந்தால் காரணம் இதுதான்.

இன்னொரு பொறி கொடியது. உங்கள் ப்ரோப் ஏதாவது ஒரு துணைச் சாதனத்தைப் பதிவு செய்துவிட்டு, அதன்பின் 517 திருப்பினால், முடிவில்லாத சுழற்சியில் மாட்டலாம். துணைச் சாதனம் தன் டிரைவரோடு சேர்கிறது. அந்த வெற்றி காத்திருப்புப் பட்டியலைக் கிளப்புகிறது. உங்கள் ப்ரோப் மறுபடி ஓடுகிறது, மறுபடி துணைச் சாதனம், மறுபடி 517. வெளியேறும் வழியில் துணைச் சாதனத்தை ஒழுங்காக நீக்கினாலும் சுழற்சி நிற்காது. கெர்னல் ஆவணமே இதை வெளிப்படையாக எச்சரிக்கிறது. பஸ் கன்ட்ரோலர் டிரைவர் எழுதுபவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும், ஏனென்றால் துணைச் சாதனங்களைப் பதிவு செய்வதே ஒரு பஸ் கன்ட்ரோலரின் தொழில். ஆகவே கிளாக், ரீசெட், ரெகுலேட்டர், டிஎம்ஏ சானல் எல்லாவற்றையும் முதலில் கேட்டு வாங்குங்கள். 517 திருப்ப வேண்டுமானால் அங்கேயே திருப்புங்கள். பஸ்ஸைப் பதிவு செய்வது கடைசி வரியாக இருக்கட்டும்.

டிஃபரில் நிற்பவை எவை என்று பார்க்க டீபக்-எஃப்எஸ்ஸில் ‘டிவைசஸ்_டிஃபர்டு’ என்ற கோப்பு உண்டு. பிழையை ‘டெவ்_எர்_ப்ரோப்’ வழியாகத் திருப்பியிருந்தால் காரணமும் அதில் பெயரோடு வரும். இப்போதைய கெர்னல்களில் கூகுளில் இருந்தபடி சரவணா கண்ணன் உருவாக்கிய ‘எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்’ டிவைஸ் ட்ரீயைப் படித்து, யார் யாருக்குக் கொடுப்பவர் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. கொடுப்பவர் வராமல் வாங்குபவரின் ப்ரோப் கூப்பிடப்படாது. டிஃபர் சுற்றுகள் இதனால் நிறையக் குறைந்தன. ஆனாலும் இதுவும் மென்பொருள் வரிசைதான். ஸ்டார்ட்டர் பெட்டியில் கரண்டு வந்ததா என்பது டிவைஸ் ட்ரீயில் எழுதப்படும் சங்கதி அல்ல.

வந்ததை யார் சொல்வார்?

ஒரு பஸ்ஸைக் கையில் எடுத்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, புதிதாக வந்த சாதனம் தானாக வாய் திறக்குமா என்பது. டிரைவரின் வடிவத்தையே அந்த ஒரு பதில் தீர்மானித்துவிடுகிறது.

யூஎஸ்பியில் இது அடிப்படையிலேயே இருக்கிறது. செருகியதும் ஹப்பின் போர்ட் நிலை மாறும். அதிலும் லினக்ஸ் அவசரப்படுவதில்லை. 25 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பார்த்து, 100 மில்லிவிநாடி நிலையாக இருந்தால்தான் ‘வந்துவிட்டது’ என்று ஒப்புக்கொள்ளும். இந்த நிதானத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மும்முனைக்கு வேண்டியிருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸில் ஹாட்பிளக் வசதியுள்ள ஸ்லாட் என்றால் இன்டர்ரப்ட் வரும். இல்லாவிட்டால் நீங்களே ‘ரீஸ்கேன்’ கோப்பில் 1 எழுத வேண்டும். எஃப்பிஜிஏ அட்டை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சந்திப்பது இது. பிட்ஸ்ட்ரீம் ஏறி முடிவதற்குள் பயாஸ் பஸ்ஸை எண்ணி முடித்துவிடும், அட்டை கணக்கில் வராமல் போகும். பின்னால் ரீஸ்கேன் செய்தாலும், மேலேயுள்ள பிரிட்ஜில் நினைவக ஜன்னலுக்கு இடம் ஒதுக்கியிருந்தால்தான் அட்டைக்கு முகவரி கிடைக்கும். பிசிஐ பற்றி இவ்வளவு போதும்.

சவுண்ட்வயர் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். செல்போன், லேப்டாப்புகளில் ஆடியோ சிப்புகளை இணைக்கும் பஸ் அது. இன்டெல் தரப்பில் வினோத் கவுல் கொண்டுவந்த அதன் லினக்ஸ் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு முடிவு: ஃபர்ம்வேர் சொன்ன உடனே சாதனம் பதிவாகும், ப்ரோப்பும் நடக்கும், அந்த ப்ரோப் ஹார்டுவேரைத் தொடவே கூடாது. சிப் உண்மையில் பஸ்ஸில் ஏறும்போது எண் 0 என்ற பொது முகவரியில் தலை காட்டும். கன்ட்ரோலர் அதன் 48 பிட் அடையாளத்தைப் படித்து, 1 முதல் 11க்குள் ஓர் எண் கொடுத்து, அதன்பின் டிரைவரிடம் ‘நிலை மாறியது’ என்று சொல்லும். ஹார்டுவேரைத் தொடும் வேலையெல்லாம் அந்த அழைப்பில்தான். பதிவும் இருப்பும் இங்கே இரண்டு தனி அழைப்புகள். சாதனமே வாய் திறக்காத ஐ2சியிலும் இதே வடிவத்தை நாம் கட்டப்போகிறோம்.

ஐ3சி ஹாட்-ஜாயின்

ஐ2சிக்கு அடுத்த தலைமுறையான ஐ3சி, தாமதமாக வருபவர்களுக்கென்றே ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. டிடிஆர்5 மெமரி உள்ள கம்ப்யூட்டர் உங்கள் மேசையில் இருந்தால் ஐ3சி ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். லினக்ஸில் இது போரிஸ் ப்ரெசிலோன் எழுதிய துணையமைப்பாக, 2019 மார்ச்சில் 5.0 கெர்னலோடு வந்தது.

நடைமுறை இப்படி. புதிதாக மின்சாரம் கிடைத்த சாதனம் பஸ் சும்மா ஆகும்வரை காத்திருக்கும். பிறகு எஸ்டிஏ கோட்டைத் தாழ்த்தும். கன்ட்ரோலர் கிளாக் கொடுக்க ஆரம்பிக்கும். சாதனம் முகவரி 2 என்று சொல்லும். அது யாருக்கும் சொந்தமில்லாத, இதற்காகவே ஒதுக்கிய முகவரி. கன்ட்ரோலர் அதை ஏற்றுக்கொண்டபின் எல்லோருக்கும் பொதுவாக முகவரி ஒதுக்கும் கட்டளையை அனுப்பும். முகவரி இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் 48 பிட் அடையாளத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். கோட்டில் 0 எப்போதும் 1ஐ வெல்லும் என்பதால் சிறிய எண் உள்ளவர் ஜெயிப்பார், முகவரி வாங்கிக்கொண்டு ஒதுங்குவார். பதில் சொல்ல ஆளில்லை என்று ஆகும்வரை இது தொடரும்.

இதை ஆதரிக்கும் கன்ட்ரோலர் டிரைவரை எழுதும்போது சறுக்கும் இடங்கள் மூன்று, நான்கு உண்டு.

ஹாட்-ஜாயின் கோரிக்கை இன்டர்ரப்ட்டாக வரும். முகவரி ஒதுக்கும் வேலையோ பஸ் பூட்டைப் பிடித்து, பரிமாற்றம் முடியத் தூங்கிக் காத்திருக்கும் வேலை. இன்டர்ரப்ட்டுக்குள் தூங்க முடியாது. ஆகவே இன்டர்ரப்ட்டில் ஒரு ஒர்க்கை வரிசையில் போடுவதோடு நிறுத்துங்கள். ஐந்து சாதனங்கள் ஒன்றாக எழுந்து ஐந்து கோரிக்கைகள் வந்தாலும் பயமில்லை. காத்திருக்கும் ஒர்க்கை மறுபடி போட்டால் ஒன்றும் ஆகாது, ஒரே சுற்றில் ஐந்தும் முகவரி வாங்கிவிடும். ஒர்க் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறாவது வந்தால் அது அடுத்த ஓட்டமாக வரிசையில் சேரும்.

அடுத்தது பூட்டு. முகவரி ஒதுக்கும்போது பஸ்ஸை வேறு யாரும் தொடக் கூடாது, எனவே ‘பராமரிப்பு’ப் பூட்டு முழுமையாகப் பிடிக்கப்படும். கண்டுபிடித்த புதிய சாதனத்தை அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே கெர்னலில் பதிவு செய்தால், பதிவின் தொடர்ச்சியாக ஓடும் அந்தச் சாதனத்தின் ப்ரோப் பரிமாற்றம் செய்யப் போய் அதே பூட்டுக்காகக் காத்து நிற்கும். இருவரும் எழுந்திருக்கவே மாட்டார்கள். லினக்ஸின் ஐ3சி மையம் பராமரிப்புப் பூட்டை விட்டுவிட்டு, சாதாரணப் பயன்பாட்டுப் பூட்டைப் பிடித்த பிறகே பதிவுக்குப் போகிறது. சொந்தமாக ஒரு பஸ்ஸை எழுதுபவர்கள் இந்த வரிசையைக் காப்பியடிக்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது, போய்த் திரும்பி வருபவர். மின்சாரம் போய் வந்த சாதனம் பழைய முகவரியை மறந்திருக்கும், கெர்னலோ மறக்கவில்லை. அதைப் புது ஆளாகச் சேர்த்தால் ஒரே சிப்புக்கு இரண்டு பதிவுகள், இரண்டு முகவரிகள். 48 பிட் அடையாளத்தை ஒப்பிட்டு, ‘இவர் ஏற்கெனவே நம் ஆள்தான்’ என்று கண்டால் பழைய பதிவையே புது முகவரிக்கு மாற்றி, அவருடைய இன்டர்ரப்ட் அனுமதியை மறுபடி கொடுத்து, பழைய முகவரியை விடுவிக்க வேண்டும். மையம் இதைச் செய்கிறது. ஆனால் கன்ட்ரோலரின் ஹார்டுவேர் அட்டவணையில் பழைய முகவரியின் பதிவைத் துடைப்பது உங்கள் டிரைவரின் பொறுப்பு. துடைக்காமல் விட்டால் சில நாள் ஓடும், பிறகு அட்டவணை நிரம்பி ‘இடமில்லை’ என்று புதியவர்கள் எல்லோரும் திருப்பி அனுப்பப்படுவார்கள். சோதனைக்கூடத்தில் ஒருநாளும் தெரியாத பிழை இது. நாளைக்குப் பலமுறை மின்சாரம் போய்வரும் ஊரில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

தொடங்குவதிலும் முடிப்பதிலும் வரிசை முக்கியம். பஸ் முழுக்கப் பதிவான பிறகுதான் ஹாட்-ஜாயினைத் திறக்க வேண்டும். நீக்கும்போது முதலில் அதை மூடி, வரிசையிலுள்ள ஒர்க்கை ரத்து செய்து அது முடியும்வரை காத்து, அதன்பின் பஸ்ஸை அவிழ்க்க வேண்டும்.

கன்ட்ரோலரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கு ஒரு வழி. சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டம் தன் மூலநிரலைப் புளூஸ்பெக்கில் எழுதித் திறந்தே வைத்திருக்கிறது. ஆர்ட்டி ஏ7 எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றலாம். அதன் ஐ2சி கன்ட்ரோலரையும் அதைப் பேசவைக்கும் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், டிரைவர் எழுதும் ரெஜிஸ்டர் பிட் ஒவ்வொன்றும் எந்த வயரை அசைக்கிறது என்று பிடிபடும்.

பேசாத பஸ்கள்

வயலில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் ஐ3சி அல்ல. பழைய ஐ2சியும் ஆர்எஸ்-485மேல் ஓடும் மோட்பஸ்ஸும்தான். இரண்டிலும் கேட்டால்தான் சாதனம் பேசும், வந்ததைத் தானாகச் சொல்ல வழியே இல்லை.

ஐ2சியில் இன்னொரு கண்டம் இருக்கிறது. மின்சாரம் இல்லாத சிப் எல்லா நேரமும் சும்மா இருப்பதில்லை. பல சிப்புகளில் எஸ்டிஏ, எஸ்சிஎல் கால்களிலிருந்து சப்ளைக்குப் பாதுகாப்பு டயோடு இருக்கும். சப்ளை பூஜ்யமானால் அந்த டயோடு வழியாக முழு பஸ்ஸும் கீழே இழுக்கப்படும். அப்போது அளவைச் சிப் மட்டும் அல்ல, அதே கோட்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்பும் பேசாது. பிழை எண்ணே இதைக் காட்டிக்கொடுக்கும். ‘அப்படி ஒரு முகவரி இல்லை’ என்று 6 வந்தால் சாதனம் மட்டும் இல்லை, பஸ் நலம். ‘நேரம் கடந்தது’ என்று 110 வந்தால் பஸ்ஸையே யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், உங்களுடையதில் எது வருகிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பெட்டியில் மோட்டார் லைன் பக்கமும் போர்டு பக்கமும் ஐசொலேட்டர் வைத்தே பிரிக்கப்பட வேண்டும். 415 வோல்ட் உள்ள இடம், இதில் பேரம் கிடையாது. நல்ல ஐசொலேட்டர் அந்தப் பக்கம் உயிரில்லாதபோது இந்தப் பக்கக் கோட்டை மேலேயே விட்டுவிடும், ஆகவே டயோடு தொல்லையும் அதோடு தீரும். பரிமாற்றத்தின் நடுவில் போர்டு ரீசெட்டாகி, சிப் எஸ்டிஏவைத் தாழ்த்தியபடி உறைந்துவிட்டால், ஒன்பது கிளாக் துடிப்பு கொடுத்து விடுவிக்கும் வழி கெர்னலிலேயே உள்ளது. அதற்கு டிவைஸ் ட்ரீயில் எஸ்சிஎல் காலை ஜிபிஐஓவாகவும் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

மோட்பஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. இல்லாதவர்கள் இருப்பவர்களின் நேரத்தைத் தின்பார்கள். ஒரு வாசிப்பு, 9600 பாட் வேகத்தில், பதிலோடு சேர்த்துச் சில பத்து மில்லிவிநாடியில் முடிந்துவிடும். பதில் வராத சாதனத்துக்கு அரை விநாடி காத்து மூன்று முறை முயன்றால் ஒன்றரை விநாடி போச்சு. ஒரே லைனில் ஆறு மீட்டர்கள் இருந்து நான்கு தூங்கினால், விழித்திருக்கும் இரண்டையும் ஆறு விநாடிக்கு ஒருமுறைதான் படிக்க முடியும். எனவே தொடர்ந்து பதில் சொல்லாதவரை மெதுவான பட்டியலுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரை மட்டும், ஒரே ஒரு முறை, கேளுங்கள். சோலார் இன்வெர்ட்டர்களைப் படிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பேனல் பக்கத்து மின்சாரத்தில் ஓடும் இன்வெர்ட்டர் இருட்டியதும் பஸ்ஸிலிருந்து மறைந்து, வெயில் ஏறியதும் திரும்பும். 2016இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் எழுந்த கமுதிப் பக்கம் முதல் மதுரை மாடிவீடுகள் வரை இந்தச் சாதனங்களின் ‘தாமதம்’ சூரிய உதயம்தான்.

பம்புசெட் பெட்டிக்கான டிரைவர்

சாதனம் வாய் திறக்காது என்றால், அது வந்ததை அறிந்த வேறு யாரையாவது தேடுங்கள். நம் பெட்டியில் அந்த ஆள் மும்முனை மின்சாரமேதான். மூன்று முனைக்கும் தனித்தனி ஆப்டோகப்ளர் வைத்து, மூன்றையும் ஜிபிஐஓவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு முனையை மட்டும் பார்ப்பது போதாது. மும்முனை நிறுத்தப்பட்ட நேரத்திலும் லைனில் இரண்டு முனை இருக்கலாம். கன்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டுகிறவர்களும் உண்டு. ஒரே முனையை நம்பினால் மின்சாரம் இல்லாத சிப்பை ‘வந்துவிட்டது’ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வந்தவுடனும் ஓடிப்போய்ப் பேசாதீர்கள். மும்முனை வந்த முதல் நிமிடம்தான் நாளிலேயே மோசமான நிமிடம். சுற்றிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், வோல்டேஜ் இறங்கும், சிப் விழித்து ரீசெட்டாகி மறுபடி விழிக்கும். யூஎஸ்பி ஹப்பிடம் பார்த்த நிதானம் இங்கேதான் வேண்டும், அளவு மட்டும் பெரிது. ஜிபிஐஓ இன்டர்ரப்ட் ஒவ்வொன்றும் ஒரு தாமத ஒர்க்கின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளட்டும் (கெர்னலில் ‘மாட்_டிலேடு_ஒர்க்’ இதற்குத்தான்). மூன்று முனையும் தொடர்ந்து ஐந்து விநாடி நிலையாக இருந்தால் மட்டுமே அந்த ஒர்க் ஓடும்.

ப்ரோப்பில் செய்ய வேண்டியது: வளங்களை வாங்குவது, பயனர் பக்கத்துக்கு வேண்டிய கோப்புகளைப் பதிவு செய்வது, நிலையை ‘இல்லை’ என்று வைப்பது, முனை இன்டர்ரப்ட்டைத் திறப்பது, முனைகளின் இப்போதைய நிலையை ஒருமுறை பார்த்து ஒர்க்கைக் கிளப்புவது. இந்தக் கடைசி வேலையை மறந்தால், மும்முனை ஏற்கெனவே இருக்கும்போது பூட் ஆன பெட்டி அடுத்த மின்வெட்டு வரை ஊமையாக இருக்கும். சிப்பின் அடையாளத்தைப் படிப்பது ப்ரோப்பில் கிடையாது, ஒர்க்கில்தான். நிலைகள் மூன்று போதும்: இல்லை, வந்திருக்கிறது ஆனால் தயாரில்லை, தயார். வாசிப்புகள் மூன்றாவதில் மட்டும் நடக்கும்.

ரெஜிஸ்டர்களைக் கெர்னலின் ரெக்மேப் அமைப்பு வழியாகக் கையாண்டால் பாதி வேலை மிச்சம். சாதனம் இல்லாதபோது கேஷை ‘கேஷ் மட்டும்’ நிலைக்கு மாற்றுங்கள். பயனர் எழுதும் அமைப்புகள் நினைவில் தங்கும், பஸ்ஸுக்குப் போகாது. சாதனம் திரும்பியதும் அந்த நிலையை எடுத்து, கேஷைப் பழுதென்று குறித்து, ஒத்திசைக்கச் சொல்லுங்கள். சிப் மறந்த அத்தனை அமைப்பும் மறுபடி எழுதப்படும். அதற்கு முன்னால் அடையாளத்தோடு வரிசை எண்ணையும் படித்து ஒப்பிடுவது நல்லது. மின்சாரம் இல்லாத நேரம்தான் எலக்ட்ரீஷியன் போர்டை மாற்றும் நேரமும்கூட. பழைய போர்டின் அளவுத் திருத்தம் புதியதில் ஏறினால் எண்கள் அழகாகவே வரும், தப்பாக வரும்.

இல்லாத சாதனத்தைப் படித்தால் என்ன திருப்புவது என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. பூஜ்யம் திருப்பாதீர்கள், கடைசியாகப் படித்த மதிப்பையும் திருப்பாதீர்கள். ‘தரவு இல்லை’ என்ற பிழை 61ஐத் திருப்புங்கள். இந்தப் பெட்டியின் மேலேதான் டிரை-ரன் பாதுகாப்பு ஓடுகிறது. பைப்பில் தண்ணீர் வராமல் மோட்டார் ஓடினால் நிறுத்த வேண்டியது அது. ஃப்ளோ மீட்டர் செத்துப்போய், டிரைவர் பத்து நிமிடத்துக்கு முந்தைய ஓட்டத்தையே காட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் காய்ந்து எரியும். பூஜ்யம் காட்டினால் நன்றாக ஓடும் மோட்டார் காரணமில்லாமல் நின்று, பயிர் காயும். பிழை வந்தால் மேல்நிலை நிரல் தனக்குத் தெரியாது என்பதையாவது தெரிந்துகொள்ளும்.

கோப்புகளைச் சாதனத்தோடு சேர்த்து மறையவிடலாமா என்று கேட்பார்கள். யூஎஸ்பியில் அது சரி. சுவரில் அறைந்த பெட்டியில், நாளைக்குப் பலமுறை போய்வரும் சாதனத்துக்கு, பெயர் நிலையாக இருப்பதே வசதி.

இவ்வளவும் எதற்கு, மும்முனை வந்ததும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் சாதனத்தின் பெயரை டிரைவரின் ‘பைண்ட்’ கோப்பில் எழுதினால் போதாதா என்றால், ஒரே ஒரு பெட்டிக்குப் போதும். தோட்டக்காரரும் உங்கள் உறவினராக இருந்தால் தாராளமாகப் போதும். ஐம்பது பெட்டி போடுவதாக இருந்தால் டிரைவருக்குள் எழுதுங்கள்.

சோதனை

கையால் வயரைப் பிடுங்கிச் செருகிச் சோதிப்பது சோதனை ஆகாது. கை எப்போதும் பஸ் சும்மா இருக்கும் நேரத்தையே தேர்ந்தெடுக்கும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு ரிலே போர்டு வாங்கி, சிப்பின் சப்ளையை அதன் வழியாகக் கொடுங்கள். இன்னொரு போர்டிலிருந்து அந்த ரிலேயைத் தற்செயலான இடைவெளிகளில் தட்டும் ஒரு நிரலை இரவு முழுக்க ஓடவிடுங்கள். இடைவெளி சில மில்லிவிநாடி முதல் சில நிமிடம் வரை இருக்கட்டும். சாதனம் ‘வந்திருக்கிறது, தயாரில்லை’ நிலையில் இருக்கும்போதே மின்சாரம் போவதைக் குறுகிய இடைவெளிகள்தான் பிடித்துக்கொடுக்கும். அதே நேரத்தில் இன்னொரு நிரல் கோப்பை இடைவிடாமல் படிக்கட்டும், மூன்றாவது ஒன்று டிரைவரை ‘அன்பைண்ட்’ செய்து ‘பைண்ட்’ செய்யட்டும். லாக்டெப் இயக்கிய கெர்னலில் ஓட்டுங்கள். பூட்டு வரிசைத் தவறுகள் உண்மையில் உறையும் முன்பே அதில் தெரிந்துவிடும்.

காலையில் மூன்று இடங்களைப் பாருங்கள். கெர்னல் பதிவில் ஒரே பிழை ஆயிரம் முறை வந்திருந்தால், ‘இல்லை’ என்ற நிலைக்குப் போகும்போது ஒருமுறை மட்டும் எழுதுமாறு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயலில் இருக்கும் எஸ்டி கார்டை அந்தப் பதிவே தின்றுவிடும். ஐ3சி பஸ் என்றால், கன்ட்ரோலரின் முகவரி அட்டவணையில் பயன்பாட்டிலுள்ள இடங்களின் எண்ணிக்கை நேற்றிரவு இருந்ததைவிட அதிகமாக இருந்தால், திரும்பி வந்தவரின் பழைய முகவரி எங்கோ விடுபடாமல் நிற்கிறது. கடைசியாக, ரிலேயை ஆன் நிலையில் விட்டுப் பத்து விநாடி கழித்துப் படியுங்கள். எண் வர வேண்டும். வராவிட்டால், வந்துகொண்டிருந்த இன்டர்ரப்ட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒர்க்குக்கும் நடுவே ஒரு மாற்றம் கைநழுவியிருக்கிறது. ஒர்க் முடியும் கடைசி வரியில், நிலையை எழுதிய பிறகு, மூன்று முனைகளையும் இன்னொருமுறை படித்துப் பார்க்கும் சோதனையைச் சேர்த்துவிட்டு, ரிலேயை மறுபடி இரவு முழுக்க ஓடவிடுங்கள்.